பின்னற்கலையும் படைப்பாற்றல் மீட்பும்: திருச்சிராப்பள்ளி வட்டாரக் கைவினை மரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கொக்கி ஊசியாலும் இரட்டை ஊசிகளாலும் நூலைப் பின்னி உருவங்களையும் விரிப்புகளையும் ஆடைகளையும் செய்யும் கலை, தமிழகத்தில் ஒரு தலைமுறைக் கால மந்தநிலைக்குப் பின் மீண்டும் பெண்களிடையே பரவி வருகிறது. இம்மீட்சி பொழுதுபோக்கு என்ற அளவிலேயே பெரிதும் பேசப்படுகிறது. இக்கட்டுரை அதனைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தில் வாழும் தொடுத்தல், முடைதல், கோலமிடுதல் ஆகிய மரபுகளோடு இணைத்து நோக்குகிறது. பின்னற்கலை தமிழகத்திற்கு வந்த வரலாறு, அதன் தொழில்நுட்ப இயல்பு, படிவத்தைப் பின்பற்றிச் செய்யும் வினை படைப்பாகுமா என்னும் வினா, தமிழ்க் கலைச்சொற்களின் தேவை ஆகியவை இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொக்கிப் பின்னல், ஊசிப் பின்னல், படைப்பாற்றல், பெண்களின் உழைப்பு, உறையூர், திருவரங்கம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

தமிழகத்து நடுத்தர வர்க்க வீடுகளில் 1970களிலும் 1980களிலும் வானொலிப் பெட்டியின் மீதும் பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியின் மீதும் வெள்ளை நூலில் பின்னிய விரிப்பு ஒன்று கிடக்கும். வாயிலில் உல்லன் நூல் தோரணம் தொங்கும். பிறக்கப்போகும் குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் பின்னி வைப்பதும் உண்டு. இவற்றைச் செய்தவர்கள் தம்மைக் கலைஞர் என்று கருதியதில்லை; பிறரும் அவ்வாறு அழைத்ததில்லை. அது 'கைவேலை' எனப்பட்டது. எந்திரத்தில் உருவான மலிவான பொருள்கள் கடைக்கு வந்தபோது இக்கைவேலை மெல்லப் பின்வாங்கியது.

இன்று அதே கலையைக் கற்க இளம்பெண்களும் பணி ஓய்வு பெற்றோரும் முன்வருகின்றனர். 'இழந்த படைப்பாற்றலை மீண்டும் கண்டடைதல்' என்று இம்முயற்சி வருணிக்கப்படுகிறது. இத்தொடர் இரு வினாக்களை எழுப்புகிறது. இழக்கப்பட்டது எது? கண்டடையப்படுவது உண்மையில் படைப்பாற்றல்தானா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் வினையும்

நூலையோ நாரையோ ஓலையையோ கொண்டு ஒன்றை உருவாக்கும் வினைகளைத் தமிழ் நுட்பமாக வேறுபடுத்துகிறது. துணியை நெய்வர், பாயையும் கீற்றையும் முடைவர், பூவைத் தொடுப்பர் அல்லது கட்டுவர், மணியைக் கோப்பர், சடையையும் வலையையும் பின்னுவர். நெய்தலில் பாவும் ஊடும் செங்குத்தாகக் குறுக்கிடுகின்றன. முடைதலில் விறைப்பான தட்டைப் பொருள் மேலும் கீழுமாகச் செல்கிறது. பின்னுதலில் நெகிழ்வான இழை தன்னைத்தானே சுற்றி வளைந்து பிணைகிறது. ஆதலின் வளையத்திற்குள் வளையத்தை இழுத்து உருவாக்கும் இக்கலைக்குப் 'பின்னல்' என்னும் பெயர் வழங்குவது பொருத்தமே.

எனினும் இச்சொல்லின் இன்றைய வழக்கில் ஒரு திரிபு நேர்ந்துள்ளது. 'பின்னலாடை' என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது திருப்பூரும் அதன் பனியன் தொழிற்சாலைகளுமே. கையால் செய்யப்பட்ட வினையின் பெயர் எந்திர உற்பத்திக்கு உரியதாகிவிட்டது. கையால் பின்னுவோர் தம் கலையைக் குறிக்க 'குரோஷா', 'நிட்டிங்' என்னும் பிறமொழிச் சொற்களையே நாடுகின்றனர். இக்கட்டுரையில் கொக்கி ஊசி கொண்டு செய்வது கொக்கிப் பின்னல் என்றும், இரண்டு ஊசிகளால் செய்வது ஊசிப் பின்னல் என்றும் குறிக்கப்பெறும்.

2. திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் இழை மரபு

மலைக்கோட்டையின் அடியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள உறையூர் சோழரின் பழந்தலைநகர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'எரித்ரேயக் கடற்பயணக் குறிப்பு' என்னும் கிரேக்க நூல் 'அர்கரு' என்னும் இடத்து மெல்லிய துணிகளைக் குறிப்பிடுகிறது. அவ்விடம் உறையூர் என்பது அறிஞர் பலர் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு நிகழ்த்திய அகழாய்வில் சாயத் தொட்டி எனக் கருதப்படும் செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது. உறையூரின் கைத்தறி மரபு தேய்ந்தபோதிலும் அற்றுப்போகவில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் மற்றொரு மரபு நாள்தோறும் நிகழ்கிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்தளித்ததை வைணவ மரபு போற்றுகிறது. இன்றும் கோயிலுக்காகவும் வீட்டிற்காகவும் வாழைநாரில் பூத்தொடுப்போரின் விரல் அசைவைக் கூர்ந்து நோக்கினால், ஒரே இழை, திரும்பத் திரும்ப வரும் ஒரே முடிச்சு, கண் பாராமலே கை அறியும் அளவு என்னும் மூன்று கூறுகள் புலப்படும். கொக்கிப் பின்னலின் அடிப்படைகளும் இவையே.

மூன்றாவது மரபு பிளாஸ்டிக் வயர்க் கூடை. நார்க்கூடையின் இடத்தைப் பிடித்த இக்கைவேலையைத் தமிழகப் பெண்கள் தமக்கேயுரிய வகையில் வளர்த்தனர். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் எனப் பின்னல் வகைகளுக்குத் தாமே பெயரிட்டனர். வந்தேறிய பொருளொன்று உள்ளூர்ப் பெயர்களும் உள்ளூர் வடிவங்களும் பெற்றுத் தன்னுடைமையாவதற்கு இது சான்று. நான்காவது, வாசலில் இடும் சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்திற்கே மீளும் தொடர்கோடு அதன் உயிர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி தம் ஆய்வுத் துணைவர்களுடன் 1970களில் இக்கோலங்களின் அமைப்பைக் கணினியியல் இலக்கணங்களால் விளக்கினார். பெண்கள் கைப்பழக்கமாகச் செய்துவந்த வினையில் முறையான விதியமைப்பு உண்டென்பதை அவ்வாய்வு நிறுவியது.

இந்நான்கு மரபுகளிலும் பூமாலை மாலைக்குள் வாடுகிறது. கோலம் நண்பகலுக்குள் கலைகிறது. செய்தவர் திறமைக்குச் சான்று எஞ்சுவதில்லை. துணியும் கூடையும் எஞ்சினாலும் செய்தவர் பெயர் அவற்றோடு எஞ்சுவதில்லை. பின்னற்கலையின் மீட்சியை மதிப்பிடும்போது இவ்வேறுபாடு கருதத்தக்கது.

3. இருவகைப் பின்னலும் எந்திரமும்

ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லா வளையங்களும் ஒரே நேரத்தில் ஊசியில் உயிருடன் நிற்கும். ஒன்று நழுவினால் கீழ்வரிசைகள் வரை அவிழக்கூடும். கொக்கிப் பின்னலில் பெரும்பாலும் ஒரு வளையம் மட்டுமே ஊசியில் நிற்கும். முந்தைய பிணைப்புகள் அனைத்தும் முடிந்தவை. எனவே செய்பவர் எந்த இடத்திலும் ஊசியை நுழைக்கலாம், திசை மாற்றலாம், வட்டமாகவோ கூம்பாகவோ கோளமாகவோ வளர்க்கலாம். பிழை நேர்ந்தால் நூலை இழுத்து, வேண்டிய இடம்வரை பிரித்து, அதே நூலால் மீண்டும் தொடங்கலாம்.

வரலாற்றிலும் இரண்டும் வேறு வழியில் சென்றன. எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள் ஊசிப் பின்னலின் தொன்மைக்குச் சான்றாகின்றன. 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் எந்திரத்தை உருவாக்கினார். அதன் நெடிய வழித்தோன்றல்களே இன்று திருப்பூரில் இயங்கும் எந்திரங்கள். கொக்கிப் பின்னலோ 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அச்சிட்ட படிவங்களின் வழியே பரவிய இளைய கலை. 1840களின் பஞ்சத்தின்போது அயர்லாந்துக் குடும்பங்களுக்கு அது பிழைப்பாயிற்று. கையால் செய்யும் கொக்கிப் பின்னலை அவ்வாறே நிகழ்த்தும் எந்திரம் வணிக அளவில் இன்றும் வழக்கிற்கு வரவில்லை. சந்தையில் கிடைக்கும் ஒத்த தோற்றமுடைய எந்திரத் துணிகள் வேறு அமைப்புடையவை. ஆதலின் கடையில் மிக மலிவாக விற்கப்படும் உண்மையான கொக்கிப் பின்னல் பொருளுக்குப் பின்னே, எங்கோ ஒருவரின் குறைகூலி உழைப்பு இருக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

4. தமிழகத்திற்கு வந்த வழி: கூலியும் பாடமும்

ஐரோப்பிய நூற்கைவேலைகள் தென்னிந்தியாவிற்குப் பொழுதுபோக்காக வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் சமயப் பணியாற்றிய சார்லசு மால்ட்டின் மனைவி மார்த்தா பெண்களுக்கு லேசு பின்னக் கற்பித்தார். அவர்தம் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் அப்பணியைத் தொடர்ந்தார். அங்குக் கற்பிக்கப்பட்டது திண்டின்மீது நூற்கட்டைகளைக் கொண்டு செய்யும் லேசு, கொக்கிப் பின்னலன்று. எனினும் பெண் கல்வி, கைவேலை, வருவாய் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்த முன்மாதிரியாக அது அமைந்தது.

கொக்கிப் பின்னல் லேசு பெருந்தொழிலாக வளர்ந்த இடம் ஆந்திரத்தின் நரசாபுரம். அங்கும் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டுச் சமயப் பணியாளர்களிடமே. செருமானியச் சமூகவியலாளர் மரியா மீசு 1982இல் வெளியிட்ட நூல் இத்தொழிலின் மறுபக்கத்தைக் காட்டியது. நாள்முழுதும் வீட்டு வேலைக்கிடையே லேசு பின்னிய பெண்கள் 'இல்லத்தரசிகள்' என்றே கருதப்பட்டனர். அவர்தம் உழைப்பு 'ஓய்வுநேர வேலை' எனப்பட்டதால் கூலி மிகக் குறைவாக இருந்தது; ஏற்றுமதி வணிகத்தின் ஆதாயம் ஆண் வணிகர்களைச் சேர்ந்தது. உழைப்பை ஓய்வு என்று பெயரிடுவதன் விளைவு என்ன என்பதை இந்நூல் தெளிவாக்குகிறது.

தமிழகத்தில் மற்றொரு வழி பள்ளி. தையல் ஒரு சிறப்புப் பாடமாக அமைந்தது. தையல் ஆசிரியர் பணியிடங்களும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளும் ஏற்பட்டன. பல பெண்களுக்கு அது அரசுப் பணிக்கான வாயிலாயிற்று. ஆனால் தேர்வுக்குரிய மாதிரித் துண்டுகளைப் பிசகின்றிச் செய்து ஒட்டிக் காட்டுவதே அத்தகைய பயிற்சியின் இயல்பான அளவுகோல். தையற்பாடத்தில் கைத்திறம் வளர்ந்த அளவுக்குப் புதியன புனையும் துணிவு வளர வாய்ப்பில்லை. இழக்கப்பட்டது எது என்னும் வினாவுக்கு ஒரு விடை இங்குக் கிடைக்கிறது. திறன் இழக்கப்படவில்லை, அத்திறனைத் தன் விருப்பப்படி கையாளும் உரிமையே வாய்க்காமலிருந்தது.

5. மீண்டெழுதல்

தமிழகத்தில் இக்கலையின் மீட்சியைப் பொதுவெளிக்குக் கொணர்ந்த நிகழ்வு சென்னையில் நடந்தது. சுபஸ்ரீ நடராசன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர் 2016 சனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள கொக்கிப் பின்னல் போர்வையைக் காட்சிப்படுத்திக் கின்னஸ் சாதனை படைத்தனர். பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் உள்ள பெண்கள் தத்தம் வீட்டிலிருந்து பின்னிய சதுரங்கள் ஓரிடத்தில் இணைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு 14 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய கழுத்துப்பட்டையை இக்குழு உருவாக்கியது.

இந்நிகழ்வில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியவை. முதலாவது, சென்னை, திருச்சி போன்ற வெப்பமிகு ஊர்களில் கம்பளிப் போர்வைக்குத் தேவையில்லை. தேவையிலிருந்து விடுபட்ட நிலையிலேயே இக்கலை இங்கு மீண்டெழுந்துள்ளது. குளிர்நாட்டுப் பின்னலிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. இரண்டாவது, தனித்தனி வீடுகளில் காணப்படாமல் கிடந்த உழைப்பு சதுர மீட்டர் கணக்கில் அளக்கப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டது. கலையும் கோலம்போல அது மறையவில்லை. எனினும் சாதனைக்காகப் பின்னப்படும் ஒரே அளவுச் சதுரங்கள் தனியாளின் கற்பனைக்கு இடமளிப்பவையா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அது அடுத்த பகுதிக்கு இட்டுச் செல்கிறது.

6. படிவத்தைப் பின்பற்றல் படைப்பாகுமா?

பின்னற்கலையைப் பெரும்பாலோர் பிறர் வகுத்த படிவங்களைக் கொண்டே கற்கின்றனர். எத்தனை கண்ணிகள், எவ்விடத்தில் கூட்டல், எவ்விடத்தில் குறைத்தல் என்பனவெல்லாம் முன்னரே தரப்பட்டிருக்கும். அவ்வாறாயின் இது வெறும் நகலெடுப்பன்றோ என்பது தடை.

பிரித்தானிய அறிஞர் மார்கரெட் போடன் 1990இல் வெளியிட்ட 'படைக்கும் மனம்' என்னும் நூலை ஒட்டிய தம் ஆய்வுகளில் படைப்பாற்றலை மூவகைப்படுத்துகிறார். அறிந்தவற்றைப் புதிதாக இணைப்பது ஒன்று. ஒரு விதியமைப்பின் எல்லைக்குள் புதிய வாய்ப்புகளைத் துருவிக் காண்பது மற்றொன்று. விதியமைப்பையே மாற்றுவது மூன்றாவது. இவ்வகைப்பாடு தடைக்கு விடையளிக்கிறது.

நூலின் நிறத்தையும் பருமனையும் மாற்றிப் பழைய படிவத்தைச் செய்வது முதல் வகை. திருவரங்கத்துப் பெண் ஒருவர் வாசற்கோலத்தின் வடிவத்தை மேசை விரிப்பில் பின்ன முற்படுவதாகக் கொள்வோம். புள்ளிக் கணக்கைக் கண்ணிக் கணக்காக மாற்ற வேண்டும். வளைகோட்டை எந்தக் கண்ணியால் காட்டுவது என்று தேர வேண்டும். பொருந்தாதபோது பிரித்துப் பின்ன வேண்டும். இது இரண்டாம் வகை. படிவம் இங்குத் தடையாகாமல் இலக்கணமாக நிற்கிறது. வெண்பாவின் தளைக்கட்டுப்பாடு புலவனின் கற்பனையைத் தடுப்பதில்லை என்பதை அறிந்த தமிழ் ஆய்வுலகிற்கு இது புதிய கருத்தன்று. விதிக்குள் நின்று புதுமை காண்பது இம்மொழியின் யாப்பு மரபுக்கே அடிப்படை.

மூன்றாம் வகைக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. இணைகோடுகள் பற்றிய யூக்ளிடின் விதி பொருந்தாத அதிபரவளைய வடிவியலின் தளத்தைக் கையால் தொட்டுணரத்தக்க மாதிரியாகச் செய்வது கடினமாக இருந்தது. காகித மாதிரிகள் எளிதில் கிழிந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தைனா தைமிணா 1997இல் அதனைக் கொக்கிப் பின்னலால் செய்தார். செய்முறை எளிது. குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள கண்ணிகளுக்கு ஒன்று வீதம் ஒவ்வொரு வரிசையிலும் மாறாமல் கூட்டிச் சென்றால், தளம் தட்டையாக இராமல் கீரையிலைபோல மடிந்து மடிந்து விரியும். வீட்டுக் கைவேலை எனக் கருதப்பட்டது கணிதத்தைக் கற்பிக்கும் கருவியாயிற்று. சிக்குக் கோலம் கணினியியலுக்குப் பொருளானதோடு இதனை ஒப்பிடலாம். இரண்டிலும் கைப்பழக்கத்தில் பொதிந்திருந்த அறிவை ஆய்வுலகம் காலந்தாழ்ந்தே கண்டுகொண்டது.

பிரித்தல் என்னும் வினை தனித்துக் கூறத்தக்கது. மண்பாண்டத்திலும் மரவேலையிலும் பிழை பெரும்பாலும் பொருளையே வீணாக்கும். பின்னலில் பிழையின் விலை சிறிது நேரம் மட்டுமே. நூல் மீண்டும் கைக்கு வருகிறது. தவறினால் இழப்பில்லை என்னும் நிலை சோதித்துப் பார்க்கும் துணிவைத் தருகிறது. பள்ளியிலும் பணியிடத்திலும் தவறாமையையே அளவுகோலாகக் கொண்டு பழகியவர்களுக்கு இத்துணிவு எளிதில் வாய்ப்பதில்லை. நடுவயதில் இக்கலையைத் தொடங்குவோர் மீட்டெடுப்பது இதனையே எனலாம்.

7. உளநலம் பற்றிய கூற்றுகள்

பின்னற்கலை மனத்திற்கு அமைதி தரும் என்பது பரவலான கூற்று. செய்யும் வினையும் செய்பவரின் திறனும் ஈடாக அமையும்போது தோன்றும் ஆழ்ந்த ஈடுபாட்டை உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாய் 'ஒழுக்கு' என்றார். திரும்ப வரும் கண்ணிகளும் உடனே கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சியும் அந்நிலைக்கு ஏற்றவை. ஜில் ரைலி முதலியோர் 2013இல் பிரித்தானியத் தொழிற்சிகிச்சை ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, ஊசிப் பின்னல் செய்யும் 3,545 பேரிடம் இணையவழியே பெற்ற விடைகளை ஆராய்ந்தது. அடிக்கடி பின்னுவோர் அமைதியும் மகிழ்வும் உணர்வதாகக் கூறியமை அதில் பதிவாகியுள்ளது. ஆயினும் அவர்கள் ஏற்கெனவே இக்கலையை விரும்பிச் செய்பவர்கள். தாமே முன்வந்து விடையளித்தவர்கள். பின்னியதால் அமைதி வந்ததா, அமைதிக்கு நேரம் உள்ளவர்கள் பின்னுகிறார்களா என்பதை அத்தகைய ஆய்வு பிரித்துக் காட்ட இயலாது. எனவே இக்கூற்றுகளை மருத்துவ உறுதிமொழியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நேரம் என்பதே இங்கு அடிப்படை வினா. விரும்பியவாறு பின்னவும் பிரிக்கவும் ஒருவருக்கு ஓய்வும் நூல் வாங்கும் பொருளும் வேண்டும். நரசாபுரத்துப் பெண்ணும் மாநகரக் குடியிருப்பில் உள்ள பெண்ணும் ஒரே ஊசியைப் பிடிக்கலாம். ஒரே கண்ணியைப் போடலாம். ஒருவருக்கு அது துண்டுக்கூலி, மற்றவருக்கு மீட்பு. கலையின் இயல்பினும் செய்பவரின் நிலையே இவ்வேறுபாட்டை உண்டாக்குகிறது.

8. கலைச்சொல் தேவை

தமிழில் இக்கலையைக் கற்போர் சந்திக்கும் முதல் இடர் மொழி. படிவங்கள் ஆங்கிலச் சுருக்கக் குறிகளில் உள்ளன. அவையும் ஒருபடித்தானவை அல்ல. அமெரிக்க வழக்கில் 'சிங்கிள் குரோஷே' எனப்படும் கண்ணியே பிரித்தானிய வழக்கில் 'டபுள் குரோஷே' ஆகும். இவ்வேறுபாடு அறியாதவர் பின்னும் பொருள் அளவு மாறிப்போகும். காணொளி வழியே தமிழில் கற்பிப்போரும் இச்சொற்களையே ஒலிபெயர்த்து வழங்குகின்றனர்.

பிணைப்பின் இயல்பை நோக்கிப் பெயரிட்டால் இக்குழப்பம் நீங்கும். அடித்தளமாக அமையும் வளையத் தொடரைச் 'சங்கிலி' எனலாம். உயரம் குறைந்த அடிப்படைப் பிணைப்பைக் 'குறுங்கண்ணி' என்றும், நூலை ஒருமுறை ஊசியில் சுற்றி எடுத்துச் செய்வதை 'நெடுங்கண்ணி' என்றும், இருமுறை சுற்றிச் செய்வதை 'மிகுநெடுங்கண்ணி' என்றும் வழங்கலாம். உயரமே பெயருக்கு அடிப்படையாதலின் அமெரிக்க, பிரித்தானிய வழக்குகளின் முரண் தமிழில் புகாது. வயர்க் கூடைக்குச் சிவன் கண் என்றும் நெல்லிக்காய் என்றும் பெயர் கண்ட பெண்களின் வழக்குச் சொற்களைத் திரட்டுவது இதற்குத் துணைசெய்யும். இவ்வாறு பெயரிடப்பட்டால், செய்முறையைத் தமிழில் எழுதி வைக்கலாம். எழுதப்பட்டது செய்தவர் பெயருடன் நிலைக்கும்.

தொகுப்புரை

இதுவரை கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

• தொடுத்தல், முடைதல், கோலமிடுதல் ஆகிய மரபுகளில் கைப்பழக்கம் பெற்ற திருச்சிராப்பள்ளி வட்டாரப் பெண்களுக்குப் பின்னற்கலை முற்றிலும் அயலானதன்று. அதன் அடிப்படை அசைவுகள் முன்பே அவர்கள் கையில் உள்ளன.

• தென்னிந்தியாவில் ஐரோப்பிய நூற்கைவேலைகள் கூலியாகவும் பாடமாகவும் வேரூன்றின. இரண்டிலும் பிசகின்மை போற்றப்பட்டது; புனையும் உரிமை பின்னுக்குச் சென்றது.

• படிவத்தைப் பின்பற்றுவது படைப்புக்கு எதிரானதன்று. படிவத்தை இலக்கணமாகக் கொண்டு மாற்றியும் பிரித்தும் பார்க்கும் நிலையில் அது படைப்பாகிறது.

• உளநலக் கூற்றுகள் அளவறிந்து கூறத்தக்கவை. ஓய்வும் பொருளும் உடையோர்க்கே மீட்பு எளிதாகிறது என்பதை மறத்தல் கூடாது.

• தமிழ்க் கலைச்சொற்களின்மை இக்கலையின் ஆவணமாக்கத்திற்குத் தடையாக உள்ளது.

வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய விரிப்புகளையும் தோரணங்களையும், அவற்றைப் பின்னிய முதியோர் நினைவுகளையும் களஆய்வு வழியே தொகுப்பது அடுத்த பணியாகும். உறையூர்த் தறிகளையும் திருவரங்கத்துப் பூத்தொடுப்போரையும் உள்ளடக்கி அத்தொகுப்பு விரியுமாயின், இவ்வட்டாரத்தின் கைவினை வரலாற்றில் இதுவரை பெயரின்றி இருந்தவர்களுக்கு இடம் கிடைக்கும். பின்னியவர்களில் பலர் முதுமை எய்திவிட்டமையால் அப்பணி காலந்தாழ்த்தாது தொடங்கப்பெற வேண்டும்.